கடன் சிறைக்குப் போன 'நிலவியலின் தந்தை': யார் இந்த வில்லியம் ஸ்மித்?

லண்டன், 1819 ஆகஸ்ட் 31. கடனைக் கட்ட முடியாதவர்களை அடைத்துவைக்கும் கிங்ஸ் பெஞ்ச் சிறையிலிருந்து 50 வயது சர்வேயர் ஒருவர் வெளியே வருகிறார். வீடு, பொருட்கள் எல்லாம் ஜப்தி. இத்தனைக்கும் நான்கு வருடங்களுக்கு முன்புதான் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான நிலவியல் மேப்பை அவர் வெளியிட்டிருந்தார். ஒரு முழு நாட்டுக்கு அவ்வளவு விரிவான மேப் அதற்கு முன் வந்ததில்லை.

வில்லியம் ஸ்மித், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சர்ச்சில் கிராமத்தில் 1769-ல் பிறந்த கொல்லரின் மகன். எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். காலேஜ் பக்கமே போனதில்லை. நிலம் அளக்கும் வேலையை ஒரு சர்வேயரிடம் உதவியாளராக இருந்து கற்றார்.

1790-களில் சாமர்செட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கினார். பிறகு அங்கே கால்வாய் வெட்டும் வேலை. தோண்டிய இடமெல்லாம் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வந்தன.

பழைய அடுக்கு கீழே, புதியது மேலே என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். சிக்கல் வேறு. இரண்டு அடுக்குகள் பார்க்க ஒரே மாதிரி களிமண்ணாக இருந்தால், எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்மித் உள்ளே கிடந்த புதைபடிவங்களைப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்கிலும் தனி ரகச் சிப்பிகள், ஓடுகள். ஊர் மாறினாலும் அந்த வரிசை மாறவில்லை. ஃபாசில்தான் பாறையின் ஐடி கார்டு!

இது சும்மா ஏட்டு அறிவு இல்லை. நிலக்கரி கிடைக்கும் என்று பணத்தைக் கொட்டித் தோண்டுபவரிடம், இந்த இடத்தில் வாய்ப்பே இல்லை என்று மேலே கிடக்கும் ஓடுகளை வைத்தே சொல்லிவிடலாம்.

1799-ல் கால்வாய் வேலை போனது. அதன் பிறகு, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் போய் பாறைகளைக் குறித்துக்கொண்டே இருந்தார். 1815-ல் வந்த மேப் கிட்டத்தட்ட 8 அடி உயரம், 6 அடி அகலம். ஒவ்வொரு அடுக்கின் அடிவிளிம்பிலும் கையால் தீட்டிய அடர் வண்ணம். எது எதன் மேல் இருக்கிறது என்பது பார்த்ததுமே புரியும்.

பணம்தான் வரவில்லை. பாத் நகருக்கு அருகே ஆரம்பித்த கல் குவாரி நஷ்டம். சேர்த்த புதைபடிவங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றும் கடன் அடையவில்லை.

1807-ல் தொடங்கிய லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டி, வசதியான கனவான்களின் கிளப். கொல்லர் மகனுக்கு அங்கே இடமில்லை. அதன் முதல் தலைவர் ஜார்ஜ் கிரீனோவின் போட்டி மேப் 1820-ல் குறைந்த விலைக்கு வந்தது. அதில் ஸ்மித்தின் உழைப்பும் இருந்தது. கிரெடிட்தான் சரியாகக் கிடைக்கவில்லை.

சிறைக்குப் பிறகு லண்டனை விட்டு வடக்கே போனவரை, அதே சொசைட்டி 1831-ல் கூப்பிட்டு முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தைக் கொடுத்தது. ஆங்கிலேய நிலவியலின் தந்தை என்ற பட்டம் அப்போது வந்ததுதான். 1839-ல் பர்மிங்ஹாமில் நடந்த அறிவியல் மாநாட்டுக்குப் போகும் வழியில், நார்த்தாம்ப்டனில் இறந்தார். வயது 70.