தவறான விடையும் சிந்தனையும்

ஜீன் பியாஜே 1896ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் நியூசாட்டெல் நகரில் பிறந்தார். இயற்கை அறிவியலில் 1918ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிசு நகரில், சிறுவரின் பகுத்தறியும் திறனை அளக்கும் தேர்வுகளைத் தரப்படுத்தும் பணியை ஏற்றார். சரியான விடைகளைக் கணக்கிடுவதே அப்பணி. அவர் கருத்தை ஈர்த்தவையோ தவறான விடைகள். ஒத்த வயதினர் ஒரே வகையான தவறுகளைச் செய்வதைக் கண்ட அவர், அவற்றின் பின்னும் ஓர் ஒழுங்கான சிந்தனை உண்டென உணர்ந்தார்.

ஜெனீவாவில் அவர் நிகழ்த்திய சோதனைகளுள் ஒன்று நீரைப் பற்றியது. ஒரே அளவான இரு குவளைகளில் நீரைச் சமமாக ஊற்றி, ஒன்றிலுள்ளதைக் குழந்தையின் கண்முன்னே ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றுவர். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும், உயர்ந்து நிற்கும் நீரே மிகுதி என்று கூறும். ஏழெட்டு வயதில், அளவு மாறவில்லை என்பதைக் காரணத்தோடு விளக்கும். விடையோடு நில்லாமல், அதற்கான காரணத்தையும் கேட்டறிவது பியாஜேயின் முறை.

எண், காலம், வேகம் ஆகியன குறித்தும் இவ்வாறே ஆராய்ந்த அவர், 1980ஆம் ஆண்டு மறைந்தார். அவர் குறித்த வயது எல்லைகள் சிலவற்றைப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும், மாணவரின் பிழையைச் சிந்தனையின் சான்றாகக் கொள்ளும் பார்வை, கணித, அறிவியல் கல்வி ஆய்வில் இன்றும் நிலைத்துள்ளது.