கப்பல் ஓட்டியவரும் கைகொடுத்தவரும்

ஆரணியிலே கடல் இல்லை. கமண்டல நாகநதிக் கரையிலே தறி உண்டு, பாவு உண்டு, பொழுது சாயும் வரை ஓயாத கை உண்டு. கப்பல் கதை நமக்கு எதற்கு என்று நெசவாளத் தோழர்கள் கேட்கலாம். நாம் சொல்ல வந்தது வ. உ. சிதம்பரனார் வாழ்க்கை. கப்பலுக்கு மட்டுமல்ல, தூத்துக்குடியில் தருமசங்க நெசவுச் சாலைக்கும் வித்திட்டவர் அவர்!

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார், வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் அவர் கண்டது என்ன? கொழும்புக் கப்பல் ஓட்டம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. ஆழமில்லாத துறை; கப்பல் தொலைவில் நிற்கும். மூட்டைகளைத் தோணியில் கொண்டு சேர்ப்பவன் தமிழன். வெள்ளையர் கப்பல்களில் கரி அள்ளிக் கொட்டிய இந்திய லஸ்கருக்கோ, வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பகுதியே கிடைத்தது. உழைப்பு நமது, லாபம் சீமைக்கு!

1906 அக்டோபர் 16இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். வாடகைக்குக் கப்பல் பிடித்தார்கள். எதிரிக் கம்பெனியின் மிரட்டலுக்கு அஞ்சிக் கப்பல்காரர் பின்வாங்கினார். சொந்தக் கப்பலே வழி என்று துணிந்தார் சிதம்பரனார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்தான். இலவசமாகவே ஏற்றிச் செல்கிறேன் என்றும் ஆசை காட்டினான்.

கப்பல் முதலாளியாகிவிட்டோம், இனி கூலிக்காரன் கவலை நமக்கேன் என்று அவர் இருந்தாரா? இல்லை! 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு வேண்டும், வார விடுமுறை வேண்டும் என்றனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றனர். மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர் வென்றனர்.

ஆட்சி பொறுக்குமா? மார்ச் 12இல் கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மில் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். இம்முறை கூலிக்காக அல்ல, அவருக்காக! சவரத் தொழிலாளரும் குதிரை வண்டிக்காரரும் சேர்ந்து கொண்டனர்.

ஜூலை 7இல் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது; கொடுமை குறையவில்லை. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை, கம்பெனியும் இல்லை. 1911லேயே அது கலைக்கப்பட்டிருந்தது. பங்குக்காரர் காப்பாற்றவில்லை, கப்பல்கள் கைமாறின. வறுமையோடு போராடி, 1936 நவம்பர் 18இல் மறைந்தார்.

2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயர் பெற்றது. நல்லது. பெயர் மட்டும் போதுமா? இன்றும் சம்பளம் தராமல், உணவும் எண்ணெயும் அனுப்பாமல், மாலுமிகளை நடுக்கடலில் கைவிட்டு மறையும் முதலாளிகள் உண்டு. கடல் தொழிலாளர் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. ஏட்டில் உள்ளது கப்பல் தளத்துக்கு வர வேண்டாமா?

பணம் போட்டவர் விலகிய நாளிலே, சிதம்பரனார் பக்கம் நின்றவன் அன்றாடங்காய்ச்சி. அந்தத் தோழமைதான் மாலுமிக்கும் வேண்டும், நெசவாளிக்கும் வேண்டும். ஆரணிக்குக் கடல் தூரம்தான். கைவிடப்பட்டவன் துயரம் தூரமல்ல!