ஒரே ஆளின் உத்தரவுக்காகக் காத்திருந்த குதிரைப்படை

மேஜை மேல சின்னச் சின்ன பொம்மை வீரர்களை அடுக்கி, ஸ்கேலும் டைஸும் வைத்து பழைய போர்களை மறுபடி ஆடுவதுதான் மினியேச்சர் வார்கேமிங். இதில் நெப்போலியன் காலத்துக்கு தனி ரசிகர் கூட்டமே இருக்கு. அந்தக் கூட்டத்தில் பலர் முதலில் பெயின்ட் அடிக்க ஆசைப்படுவது அவருடைய இம்பீரியல் கார்டு குதிரைப்படைக்குத்தான். யூனிஃபார்ம் அவ்வளவு அழகு! ஆனால் அந்தப் படை எப்படி உருவானது, யாருக்குக் கீழே இருந்ததுன்னு தேட ஆரம்பிச்சா, ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். ழான்-பாப்டிஸ்ட் பெசியேர்.

1768-ல் தெற்கு பிரான்ஸில் பிரேசாக் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா அறுவை மருத்துவர். மகனும் அதே தொழிலுக்குத்தான் போக வேண்டியது. பிரெஞ்சுப் புரட்சி பாதையை மாற்றியது. 1792-ல் பதினாறாம் லூயி மன்னரின் காவல் படையில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே அந்தப் படை கலைக்கப்பட்டது. அப்புறம் சாதாரண குதிரைப்படையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தார்.

திருப்பம் 1796-ல், இத்தாலியில். அந்த வருஷம் மே மாதம் நெப்போலியன் எதிரிகளிடம் பிடிபடாமல் மயிரிழையில் தப்பினார். இனிமேல் தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு சின்ன குதிரைப்படை வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு கைட்ஸ் என்று பெயர். அதன் தலைவராக வந்தவர் பெசியேர். பின்னாளில் கார்டின் புகழ்பெற்ற ஷாசர் ரெஜிமென்டாக வளர்ந்தது இந்தச் சின்னப் படைதான். எகிப்துக்கும் கூடவே போனார். 1800-ல் மாரெங்கோ போரின் கடைசி நேரத் தாக்குதலிலும் கார்டு குதிரைகளோடு இருந்தார்.

1804-ல் நெப்போலியன் பேரரசர் ஆனபோது அறிவித்த முதல் 18 மார்ஷல்களில் பெசியேரும் ஒருவர். தனியாக ஒரு பெரிய படையை நடத்திக் காட்டாத இவருக்கு எதற்கு இந்தப் பதவின்னு அப்பவே முணுமுணுப்பு இருந்தது. ஆனா நெப்போலியனுக்கு இவரிடம் தேவைப்பட்டது வேற ஒண்ணு: நம்பிக்கை. கார்டு குதிரைப்படை முழுவதும் இவர் பொறுப்பில் வந்தது. எல்லோரும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட காலத்திலும், இவர் பழைய பாணியில் நீள முடிக்கு பவுடர் போட்டுத்தான் போருக்குப் போவார். பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிறவங்க குறிச்சு வச்சுக்கலாம்.

இவருக்குக் கீழே இருந்த ரெஜிமென்டுகளைப் பார்ப்போம். கிரனேடியர்கள்: கருநீலக் கோட்டு, உயரமான கரடித்தோல் தொப்பி, கறுப்புக் குதிரை. ஷாசர்கள்: பச்சை ஜாக்கெட், தோளில் தொங்கும் சிவப்பு மேல்சட்டை, ரோமத் தொப்பி. நெப்போலியன் தினமும் போட்டுக்கொண்ட எளிமையான பச்சைக் கோட்டு இந்த ரெஜிமென்டோடதுதான். எகிப்திலிருந்து கூட வந்த மாமலூக்குகளுக்கு தலைப்பாகையும் வளைந்த வாளும். டிராகூன்கள் 1806-ல்தான் சேர்ந்தார்கள், அதனால் 1805 ஆஸ்டர்லிட்ஸ் மேஜையில் அவர்களை வைத்தால் தப்பு. போலந்து வீரர்கள் 1807-ல் வந்தார்கள், அவர்கள் கைக்கு ஈட்டி வந்தது 1809-ல். 1808 சோமோசியெர்ரா தாக்குதலுக்கு அவர்களை வைக்கிறீங்கன்னா வாள்தான் கொடுக்கணும். சிவப்பு லான்சர்கள் எனப்படும் டச்சு வீரர்கள் 1810-ல் சேர்ந்தார்கள். முதலில் வருஷத்தை முடிவு பண்ணிட்டு அப்புறம் கலர் வாங்குங்க.

இந்தப் படையை எப்போதும் போரில் இறக்க மாட்டார்கள். கடைசி வரை பின்னால் நிறுத்தி, சரியான நொடியில் அடிப்பார்கள். ஆஸ்டர்லிட்ஸில் அது அப்படியே நடந்தது. ரஷ்ய கார்டு குதிரைப்படை பிரெஞ்சு காலாட்படையின் ஒரு பட்டாலியனை மிதித்துப் போட்டு, அதன் கழுகுச் சின்னத்தையும் பறித்துக்கொண்டது. உடனே பெசியேரின் குதிரைகள் இறங்கின. ரஷ்ய கார்டு சிதறியது. 1807-ல் எய்லாவ் போரின் பெரிய குதிரைத் தாக்குதலிலும் கார்டு இறங்கியது.

சரி, இவ்வளவு நல்ல சிஸ்டத்தில் பிரச்சினை எங்கே? நம்ம பாஷையில் சொன்னா, சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். அந்தப் பாயின்ட் பெசியேர்தான்.

1809 ஜூலை 6, வாக்ராம். மக்டொனால்டின் காலாட்படை ஆஸ்திரியர்களின் நடுப்பகுதியை உடைத்துக்கொண்டு போகிறது. பின்னாலேயே குதிரைகள் பாய வேண்டிய நேரம். சரியாக அப்போது ஒரு பீரங்கிக் குண்டு பெசியேரின் குதிரையைக் கொன்றது. அவர் மயங்கி விழுந்தார். செத்துவிட்டார் என்று நினைத்து கார்டு வீரர்கள் அழுதார்கள். அடுத்த பொறுப்பில் இருந்த ஜெனரல் வால்டருக்கு உத்தரவு வரவில்லை. அவர் காத்திருந்தார். நேரம் போயே போச்சு. நெப்போலியனுக்கு கடும் கோபம்.

1811 மே 5-ல் ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லையில், ஃபுவென்டெஸ் டி ஒன்யோரோவில் இதே கதை மறுபடியும். வெலிங்டனின் வலது பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் புது குதிரைகள் கிடைத்தால் போதும். மார்ஷல் மசெனா கார்டு குதிரைகளைக் கேட்டார். அவற்றின் தலைவர் லெபிக் மறுத்துவிட்டார். பெசியேர் சொன்னால்தான் நகர்வோம் என்பதே பதில். அந்த நேரம் பார்த்து பெசியேர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. வாய்ப்பு கை நழுவியது. வெலிங்டன் நிலைத்து நின்றார்.

லெபிக் கோழை இல்லை, எய்லாவில் பேரெடுத்தவர். வால்டரும் அப்படித்தான். ஒரே ஆளின் பேச்சை மட்டும் கேட்கணும் என்று பழக்கப்பட்ட படை அது. அதன் ஒழுங்கு அங்கிருந்துதான் வந்தது. அது உறைந்து நின்றதற்கும் அதே பழக்கம்தான் காரணம்.

1812-ல் ரஷ்யா. பொரொடினோவில் கார்டை இறக்கும்படி மற்ற தளபதிகள் கெஞ்சியபோது, வேண்டாம் என்று சொன்னவர்களில் பெசியேரும் ஒருவர். நெப்போலியன் இறக்கவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அக்டோபர் 25 காலையில் கோசாக்குகள் நெப்போலியனையே பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். அன்று அவரைக் காப்பாற்றியது கார்டு குதிரைகள்தான். எந்த வேலைக்காக 1796-ல் கைட்ஸ் படை உருவானதோ, அதே வேலை. அதன் பிறகு நடந்த பின்வாங்கலில் பனியிலும் பசியிலும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன.

1813 மே 1-ம் தேதி, ஜெர்மனியில் ரிப்பாக் என்ற இடத்தில் எதிரி நிலையைப் பார்க்கப் போனபோது, பெசியேர் மேல் ஒரு பீரங்கிக் குண்டு விழுந்தது. இந்த முறை எழுந்திருக்கவில்லை. வயது 44. மறுநாள் லுட்சென் போரில் நெப்போலியன் ஜெயித்தார். தோற்று ஓடிய எதிரியைத் துரத்தத்தான் போதுமான குதிரைப்படை இல்லை.

அடுத்த முறை கார்டு குதிரைகளை மேஜையில் வைக்கும்போது, பக்கத்தில் பவுடர் முடியோடு பெசியேரையும் ஒரு பொம்மையாக வையுங்கள். கூடவே ஒரு ரூல் சேருங்கள்: அந்தப் பொம்மை விழுந்தால் அந்த டர்ன் கார்டு நகர முடியாது, அடுத்த டர்னிலிருந்து டைஸில் 5 அல்லது 6 விழுந்தால்தான் நகரும். உங்க கார்டு நண்பனின் கார்டை விட எவ்வளவு பலமாக இருந்தாலும், விளையாட்டு முழுக்க அந்த ஒரு பொம்மையை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசிப்பீங்க.