ஜி. டி. நாயுடுவும் தொழில் பழகும் வாலிபரும்

காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி முதலிய ஊர்களின் வாலிபர் பலர், கன்னட எல்லையை அடுத்துள்ள ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குத் தொழில் பழகச் செல்கின்றனர். சமுதாயக் கல்லூரியிலும் தொழிற் பள்ளியிலும் படிக்கும் இவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் பணம் எதற்கு, கற்றுக் கொடுப்பதே கூலியாகாதா என்று கேட்கும் கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கோயம்புத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் சரித்திரத்தைச் சற்றே சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் கிராமத்தில், 1893-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயலில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், வெள்ளைக்கார ரெவினியூ உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குச் சென்று ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் சவாரி செய்து மகிழ்ந்தாரா? இல்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவர் கற்ற முதற் கல்லூரி அந்த வண்டிதான். அதற்குச் சம்பளம் கட்டியது ஹோட்டல் கூலி. அக்கூலி கிடைத்திராவிட்டால், கலங்கல் வயலில் ஓர் உழவர் அதிகப்பட்டிருப்பார், அவ்வளவே.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். தாமே அதை ஓட்டினார். அது வளர்ந்து பெரியதொரு பஸ் ஸ்தாபனமாயிற்று. 1937-ல் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி மின்சார மோட்டாரைச் சுதேசத்திலேயே செய்து காட்டினார். சவரக் கருவி, ரேடியோ என்று அவர் கை வைத்த பொருள்கள் அநேகம்.

நாம் முக்கியமாகக் குறிப்பிட விரும்புவது 1945-ம் வருஷத்துச் சம்பவத்தையே. அவ்வாண்டு, சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. (கவர்னர் போய்விட்டார், ஹோப் காலேஜ் என்ற பஸ் நிறுத்தம் இன்றும் இருக்கிறது.) மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நாயுடு அதன் பிரின்சிபாலானார். நான்கு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை விரயம் செய்வது, இரண்டு வருஷம் தாராளமாய்ப் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார். எல்லா வித்தையையும் பாதிக் காலத்தில் புகட்டிவிடலாம் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. பாலம் கட்டுபவனுக்குக் கணிதம் வேண்டும்; கணிதத்துக்குக் காலம் வேண்டும். ஆயினும், ஏழைப் பையன் சம்பாத்தியமின்றிக் கழிக்கும் ஒவ்வொரு வருஷமும் அவன் வீட்டார் அடுப்பைத் தொடுகிறது என்பதை, அந்த உத்தியோகஸ்தர்களைவிட ஹோட்டலில் பரிமாறியவர் நன்றாக அறிந்திருந்தார்.

1974-ம் வருஷம் ஜனவரி மாதம் அவர் காலமானார். அதற்கு முன்பே, 1961-ல் இயற்றப்பட்ட பயிற்சியாளர் சட்டம், தொழில் பழகுவோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்க முதலாளிகளைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அதே சட்டம் அவர்களைத் தொழிலாளரல்லர் என்றும் கூறுகிறது. சுகாதாரம், பாதுகாப்பு, விபத்து நஷ்டஈடு ஆகிய சிலவற்றில் மட்டும் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா. இதைச் சாக்காகக் கொண்டு, ஒரே யந்திரத்தின் முன் ஒரே பொத்தானை வருஷம் முழுதும் அழுத்தவிட்டுப் பயிற்சி என்று பெயர் சூட்டுவதற்கு இடமுண்டு. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய பையனிடம் அதைப் பயிற்சி என்று சொல்லியிருந்தால் நகைத்திருப்பான்.

ஓசூர் முதலாளிகள் கொடுக்கும் உதவித்தொகையில், காவேரிப்பட்டினத்துப் பையனின் பஸ் கட்டணமும் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு ஏதேனும் மிஞ்சுகிறதா, வருஷ முடிவில் அவன் எத்தனை யந்திரங்களை இயக்கவும் பழுதுபார்க்கவும் அறிந்தான் என்று அவனை அனுப்பிய கல்லூரிகள் விசாரித்து எழுதி வைக்கட்டும்.