பேங்க் திவாலாகி காலேஜ் தள்ளிப்போன பையன்... நம்ம கை கால் அசைவின் கணக்கைக் கண்டுபிடிச்ச கதை!

அரூர் பஸ் ஸ்டாண்ட். தருமபுரி பஸ் நகர ஆரம்பிச்சிருச்சு. தோள்ல பேக், ஒரு கையில போன்னு ஓடிவர்ற காலேஜ் பையன், படிக்கட்டுல கால் வெச்சு, கம்பியைப் பிடிச்சு ஏறிடுறான் (நீங்க ட்ரை பண்ணாதீங்க ப்ளீஸ்). அந்த ரெண்டு செகண்ட்ல எந்தத் தசை இறுகணும், எது தளரணும்னு அவன் யோசிக்கவே இல்ல. யோசிச்சிருந்தா விழுந்திருப்பான். அப்போ அந்தக் கணக்கைப் போட்டது யாரு?

இந்தக் கேள்வியோடு வாழ்நாளையே கழித்தவர் சார்லஸ் ஷெரிங்டன். 1857-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்க ஆசை. ஆனா, பேங்க் ஒண்ணு திவாலானதில் குடும்பத்தின் பணம் போச்சு. இருக்கிற காசில் தம்பிகள் ரெண்டு பேரும் முதலில் படிக்கட்டும் என்று, 1876-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்துகொண்டார். நம்ம ஊர் அண்ணன்களுக்கு இது புதுசா என்ன? கேம்பிரிட்ஜ் வாசலை மிதிக்க அவருக்கு 1879 ஆனது.

அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாய் வந்தது.

1881. லண்டனில் உலக மருத்துவ மாநாடு. மூளையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இடம் இருக்கா, இல்லையா என்று பெரிய சண்டை. இல்லை என்றார் ஜெர்மன் பேராசிரியர் கோல்ட்ஸ். மூளையின் மேற்பகுதி பெருமளவு நீக்கப்பட்டும் நடமாடிய ஒரு நாயைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார். இருக்கு என்றார் ஃபெரியர். அவர் காட்டியது, மூளையின் ஒரு பக்கம் குறிப்பிட்ட பகுதியை எடுத்ததால் எதிர்ப்பக்கக் கை கால் செயலிழந்த குரங்கு. ரெண்டையும் கொன்று மூளையைப் பார்த்துவிடுவது என்று முடிவானது. இன்னிக்குப் படிக்கிறப்போ மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

நாயின் மூளை கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற ஆசிரியரிடம் வந்தது. அவரோடு உட்கார்ந்து, மூளைக் காயத்தால் தண்டுவடத்தில் எந்த நரம்பு இழைகள் பட்டுப்போயிருக்கின்றன என்று தேடியவர் ஷெரிங்டன். 1884-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை!

நடுவில் சில வருஷம் காலரா, பாக்டீரியா என்று வேறு பாதை. ஆனா, தண்டுவடம் அவரை விடல. லண்டனிலும் லிவர்பூலிலும் வருஷக்கணக்கில் அதையே நோண்டினார்.

இப்போ கையை மடக்கிப் பாருங்க. மேல் தசை இறுகும்போது பின்பக்கத் தசை தானா தளருது, இல்லையா? ஒண்ணுக்கு `இழு' என்று போகும் அதே நேரத்தில், எதிர்த்தசையை இயக்கும் நரம்பு தண்டுவடத்திலேயே அடக்கப்படுகிறது. ரெண்டும் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொண்டால் கை கட்டைதான். நரம்பின் வேலை தூண்டுவது மட்டுமல்ல, அடக்குவதும்தான் என்பதை ஆணித்தரமாகக் காட்டியது இவருடைய பெரிய சாதனை. தசைக்குப் போகும் நரம்பில் கணிசமான இழைகள் கட்டளையைக் கொண்டுபோவதில்லை, தசையின் நிலவரத்தைத் திருப்பிச் சொல்பவை என்பதையும் நிறுவினார். கண்ணை மூடிக்கிட்டே மூக்கைத் தொட முடியுதே, அதுக்கு இந்தத் தகவல்தான் துணை. ரெண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்துக்கு 1897-ல் அவர் வைத்த பெயர் சினாப்ஸ். உங்க பயாலஜி புக்ல இருக்குமே, அதேதான்.

முதல் உலகப்போர் சமயம், 1915. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், வயசு 57. உழைப்பாளியின் உடம்பு எப்படிச் சோர்கிறது என்று பார்க்க, பர்மிங்ஹாமில் குண்டு செய்யும் ஃபேக்டரியில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். காலை ஏழரை முதல் இரவு எட்டரை வரை வேலை. ரிப்போர்ட்டை வரவழைத்துப் படித்திருக்கலாம்... மனுஷன் அப்படிச் செய்யல.

நோபல் பரிசு 1932-ல், ஏட்ரியனோடு சேர்த்துக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 75. அவரிடம் பயின்ற ஃப்ளோரி, எக்கிள்ஸ், கிரானிட் மூவரும் பின்னாளில் நோபல் வாங்கினார்கள்.

கடைசி வருஷங்களில் மூட்டுவாதம் அவரை முடக்கிப்போட்டது. 1951-ல் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டி வந்தது. கை கால் ஒத்துழைக்கல, மூளை மட்டும் பளிச்னு இருந்தது. 1952 மார்ச் 4, ஈஸ்ட்போர்னில் திடீரென இதயம் நின்றது. அப்போ வயசு 94.