துறைமுகம் பிழைக்குமா என்று பார்க்க வந்தவர்

1960ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று சிங்கப்பூரில் வந்து இறங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் வின்செமியஸ். அப்போது அவருக்கு வயது ஐம்பது. சிங்கப்பூர் சுயாட்சி பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்தத் தீவில் தொழில் வளர வழி உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி, அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ கேட்டதன் பேரில் வந்த குழு அது.

வந்தவர்கள் கண்ட காட்சி நம்பிக்கை தருவதாக இல்லை. வேலை தேடியவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேருக்கு வேலை இல்லை. மக்கள்தொகை 16 லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. வேலைநிறுத்தம் இல்லாத வாரம் அரிது.

துறைமுகமும் பழைய துறைமுகமாக இல்லை. நூறாண்டுக்கு மேலாகச் சிங்கப்பூர் பிழைத்தது அடுத்தவர் சரக்கை வாங்கி அடுத்தவருக்கு அனுப்பித்தான். ஜொகூர் தோட்டங்களில் நம்மவர் விடியற்காலையில் வெட்டிய ரப்பர் பாலும், சுமத்திராவின் மிளகும், ஈயமும் இங்கே வந்து, தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகிக் கப்பலேறின. அண்டை நாடுகள் விடுதலை பெற்றதும் தங்கள் சரக்கைத் தாங்களே நேராக ஏற்றுமதி செய்யத் தொடங்கின. இடைத்தரகன் ஊருக்கு வேலை குறைவது இயல்புதானே.

அந்தத் துறைமுகத்தின் பாரத்தைத் தோளில் சுமந்தவர்களில் தமிழர் பெரும்பங்கினர். தஞ்சோங் பகார் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்கள், தண்டலின் குரலுக்கு ஓடியவர்கள், துறைமுக வாரியத்தின் குடியிருப்புகளில் அடுக்கடுக்காய்ப் படுத்து உறங்கியவர்கள். வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும் அப்படியே. அங்கே கப்பல் பட்டறையில் மலையாளிகளும் தமிழரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். சம்பளம் வந்ததும் சிராங்கூன் சாலைக்கு வந்து அரிசி, பருப்பு, வேட்டி, சேலை வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்புவார்கள். துறைமுகம் தும்மினால் தேக்காவுக்குக் காய்ச்சல் வரும் என்ற நிலை.

வின்செமியஸ் நெதர்லாந்தின் வடக்கே லீயுவார்டன் என்னும் ஊரில் 1910 பிப்ரவரி 26ஆம் தேதி பிறந்தவர். ரோட்டர்டாமில் பொருளியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த ரோட்டர்டாம் ஐரோப்பாவின் பெரிய துறைமுக நகரம். 1940 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அதன் நடுப்பகுதியை மண்ணாக்கின. போர் முடிந்ததும் நாட்டைத் தொழில்மயமாக்கும் பொறுப்பு வகித்த உயர் அதிகாரிகளில் வின்செமியஸ் முதன்மையானவர். நிலம் குறைவு, இயற்கை வளம் குறைவு, கடல் மட்டும் உண்டு. நெதர்லாந்தில் அவர் பார்த்த அதே கணக்கைத்தான் சிங்கப்பூரிலும் போட வேண்டியிருந்தது. இடிந்துபோன துறைமுக நகரம் எழுந்து நிற்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் கண்ணால் கண்டவர் அவர். இங்கே வந்தபோது அவர் கொண்டுவந்த பெரிய மூலதனம் அதுதான் என்று சொல்லலாம்.

குழு அறிக்கை 1961 ஜூன் மாதம் அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. கப்பல் கட்டுதல், பழுதுபார்த்தல், உலோகம், பொறியியல், இரசாயனம், மின்சாதனம் ஆகியவற்றை வளர்க்கலாம் என்றது. இந்தத் தீவின் உண்மையான சொத்து, தொழிற்சாலை வேலையை விரைவாகக் கற்றுக்கொள்ளும் மக்கள்தாம் என்றும் எழுதியது. கூலிகள் என்று மட்டுமே கணக்கில் எழுதப்பட்டு வந்தவர்களைப் பற்றி ஓர் உலக நிறுவனத்தின் தாளில் இப்படி எழுதப்பட்டது அந்நாளில் சிறிய செய்தியன்று.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஹான் சுய் சென். கையில் 100 மில்லியன் வெள்ளி. ஜூரோங்கின் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைத்தனர். ஆரம்பத்தில் ஆலைகள் வரத் தயங்கின. அதைக் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று ஊரே கேலி பேசியது. 1963இல் அங்கே தேசிய இரும்பு உருக்கு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனத்துடன் கூட்டாக ஜூரோங் கப்பல் பட்டறையும் அதே ஆண்டு உருவானது.

அறிக்கைக்கு வெளியே வின்செமியஸ் பிரதமர் லீ குவான் இயூவிடம் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். ஒன்று, கம்யூனிஸ்டுகளின் பிடியிலிருந்து நாட்டை விடுவிக்க வேண்டும். மற்றொன்று கேட்பவரைத் திகைக்க வைக்கும்: ராஃபிள்சின் சிலையை அகற்றக் கூடாது. விடுதலை பெற்ற நாடுகள் வெள்ளையர் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலம். சிலை நின்றால், பழைய கணக்கைத் தீர்க்கும் எண்ணம் இங்கே இல்லை என்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் வாதம். சிலைக்குச் செலவு ஏதுமில்லை. முதல் நிபந்தனைக்கு விலை இருந்தது. 1963 பிப்ரவரியில் நடந்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். 1955இல் துறைமுக ஊழியர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்திய ஜமித் சிங்கும் அவர்களில் ஒருவர். பிறகு அவர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த வேலைநிறுத்தத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவர் எதிரியாகத் தெரிந்தவர் அல்லர். வின்செமியஸின் ஆலோசனையால்தான் அந்தக் கைதுகள் நடந்தன என்று சொல்ல முடியாது. அரசியல் அதற்கு முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அமைதியான துறைமுகம் எப்படிக் கிடைத்தது என்பதையும் அவர் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலேசியாவோடு இணைந்தால் பெரிய உள்நாட்டுச் சந்தை கிடைக்கும் என்பது தொடக்கக் கணக்கு. 1963இல் இணைப்பு நடந்தது. இந்தோனீசியா எதிர்த்து மோதலில் இறங்கியதும் அந்தப் பக்கத்து வணிகம் நின்றது. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி பிரிவினை. சந்தையும் போயிற்று. இனி உலகமே சந்தை, உலக நிறுவனங்களே வழி என்று திசை திரும்பியது அப்போதுதான். 1968இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வந்தது. வருவதென்று முடிவு செய்து ஐம்பது நாளில் உற்பத்தியைத் தொடங்கத் திட்டமிட்டது. அடுத்தடுத்து வந்த மின்னணு ஆலைகளின் வாசலில் இளம்பெண்கள் வரிசையில் நின்றனர். வீட்டைவிட்டு வேலைக்குப் போகாத தமிழ்ப் பெண்கள் பலர் முதல் சம்பள உறையைப் பார்த்தது அந்த ஆலைகளில்தான்.

அதே 1968ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது பேரிடி. கிழக்கிலுள்ள படைத்தளங்களை 1971க்குள் மூடிவிடப் போவதாக லண்டன் அறிவித்தது. பிரிட்டிஷ் படைகள் இங்கே செய்த செலவு நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தளங்களில் நேரடியாக வேலை பார்த்தவர்கள் 30,000 பேருக்கு மேல். அவர்களை நம்பிப் பிழைத்தவர்கள் இன்னும் 40,000 பேர் என்று லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

செம்பவாங்கில் அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் திறக்கப்பட்ட உலர்துறை அங்கே இருந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊரில் தமிழ்க் கடைகள், பள்ளிக்கூடம், நாடகம், சங்கம் எல்லாம் உண்டு. கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தளத் தொழிலாளர்கள் முருகனை வைத்துக் கும்பிடத் தொடங்கி, அது புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக வளர்ந்தது. அங்கே பங்குனி உத்திரக் காவடி தொடங்கி ஓராண்டு ஆவதற்குள் தளம் மூடப்போகும் செய்தி வந்தது.

வேலை போனவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் சில. குடியுரிமை பெற்றவர்கள் மறுபயிற்சி பெற்று வேறு வேலைக்குப் போகலாம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைக்காது. 1957இல் குடியுரிமைப் பதிவு நடந்தபோது தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி, தமிழர் எல்லாரும் பதிந்துகொள்ளும்படி இயக்கமே நடத்தினார். அன்று வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பலன் இப்போது தெரிந்தது. நிற்காதவர்களில் பலர், இருபது முப்பது ஆண்டு உழைப்பிற்குக் கிடைத்த பணிக்கொடையோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். சிங்கப்பூரின் மறுமலர்ச்சி பற்றிய நூல்களில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது.

தளங்களை மாற்றும் பணி ஹான் சுய் சென்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படைக் கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூர் கைக்கு வந்தது. பிரிட்டனின் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்க, போர்க் கப்பல்கள் நின்ற இடத்தில் வணிகக் கப்பல்கள் பழுதுபார்ப்புக்கு வந்தன. துறைமுக ஆணையத்தின் பட்டறைகள் பிரிந்து கெப்பல் கப்பல் பட்டறை ஆனதும் அதே ஆண்டில்தான். ஏழாண்டுக்கு முன் வின்செமியஸ் குழு முதல் வரிசையில் எழுதி வைத்த தொழில் கப்பல் பழுதுபார்ப்பு. அன்று அது ஆலோசனை. 1968இல் அதுவே பிழைக்கும் வழி ஆயிற்று.

அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனவர் அல்லர் வின்செமியஸ். அரசாங்கத்தின் பொருளியல் ஆலோசகராக ஆண்டுக்கு இருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போலத் தங்கினார். விமானச் சீட்டும் ஹோட்டல் செலவும் தவிர வேறு ஊதியம் வாங்கவில்லை. வந்தவுடன் பிரதமரைப் பார்க்கப் போவதில்லை என்பது அவர் வழக்கம். முதலில் வெளிநாட்டு நிறுவன மேலாளர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் சந்திப்பார். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அமைச்சர்களிடம் பேசுவார். ஊருக்குப் புதிதாக வரும் நல்ல வைத்தியரும் இப்படித்தான் செய்வார்.

கொள்கலன் துறைமுகம் வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். அன்று ஆசியாவின் இந்தப் பகுதியில் பலருக்கு அது பணத்தைக் கடலில் கொட்டும் வேலையாகத் தெரிந்தது. 1972 ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகார் முனையத்தில் முதல் கொள்கலன் கப்பல் நிஹோன் வந்து நின்றது. அதில் 300 பெட்டிகள். புறப்பட்டு வந்த துறைமுகம் ரோட்டர்டாம். வின்செமியஸ் படித்த ஊர், அவர் கண்முன்னே அழிந்து எழுந்த ஊர்.

கொள்கலன் வந்ததும் மூட்டைக்கு வேலை இல்லை. ஒரு கப்பலில் பல நாள் இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் இறக்கிவிடும். முதுகில் சுமந்து சம்பாதித்த தலைமுறையின் கடைசி வரிசை அத்தோடு கலைந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் அதே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுநராகவும் எழுத்தராகவும் சேர்ந்தனர். 1982இல் கப்பல் எடையளவில் உலகிலேயே சுறுசுறுப்பான துறைமுகம் சிங்கப்பூர்.

குறைந்த சம்பளம் காட்டி ஆலைகளை அழைத்த நாடு அதிலேயே நின்றுவிடக் கூடாது என்று எழுபதுகளின் இறுதியில் எச்சரித்தவரும் வின்செமியஸ்தான். 1979 முதல் மூன்றாண்டுகளுக்குத் தேசிய சம்பள மன்றம் பெரிய சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. தொழிலாளர் வீடுகளில் அதன் பலன் தெரிந்தது. ஆனால் 1985இல் சிங்கப்பூர் சுதந்திரத்துக்குப் பிறகு சந்தித்த முதல் பொருளியல் மந்தத்துக்கு, உயர்ந்துவிட்ட உற்பத்திச் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மந்தம் வருவதற்கு முந்திய ஆண்டே, 74 வயதில், அவர் ஓய்வு பெற்றிருந்தார். 1996 டிசம்பர் 4ஆம் தேதி நெதர்லாந்தில் காலமானார்.

அவர் போகச் சொல்லாத ராஃபிள்ஸ் இன்றும் எம்பிரஸ் பிளேசில் நிற்கிறார். நிஹோன் வந்த தஞ்சோங் பகாரில் வேலை ஓய்ந்துவிட்டது. துறைமுகம் முழுவதும் மேற்கே துவாசுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே 2040களில் ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளப் போவதாகத் திட்டம். செம்பவாங், கெப்பல் என்னும் இரண்டு பழைய பெயர்களின் கப்பல் தொழிலும் 2023இல் ஒன்றாகி சீட்ரியம் ஆகிவிட்டது.

பட்டறைகளில் இப்போதும் தமிழ் கேட்கிறது. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வேலை அனுமதியில் வந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடி, பணம் அனுப்பும் கடைகளில் வரிசை பிடிக்கிறார்கள். கான்பரா சாலை முருகன் ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம் மாறிவிட்டார். பங்குனி உத்திரத்தன்று அங்கே கடற்படைத் தளத்தாரின் பேரப்பிள்ளைகளும், கப்பல் பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களும் ஒரே வரிசையில் காவடி எடுக்கிறார்கள்.