பரங்கிமலை ராஜா

தாம்பரத்தில் ரயிலேறிப் பட்டணம் செல்லும் செம்பாக்கத்து ஜனங்கள் நாள்தோறும் பரங்கிமலையைக் கடந்து போகின்றனர். அம்மலையடி ஊரில் 1883-ஆம் ஆண்டு பிறந்த மயிலை சின்னத்தம்பி ராஜாவின் சரித்திரத்தை அறிந்தோர் அவர்களுள் சிலரே. தேசத்தொண்டர் எனப்படுவோர் அதை அறியாதிருத்தல் தகாது. தேசீய இயக்கம் பட்ட கடனொன்று அதில் அடங்கியிருக்கிறது.

ஆதி திராவிடர் குலத்தில் தோன்றிய ராஜா, சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலையில் பயின்று உபாத்தியாயரானார். அக்கலாசாலை அந்நாளில் பட்டணத்திலிருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937-இல்தான். 1916-இல் ஆதி திராவிட மகாஜன சபையின் காரியதரிசியானார். பின்னர் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராக அமர்ந்தார். இழிவுப் பெயர்களை ஒழித்து, ஆதி திராவிடர் என்ற பெயரையே சர்க்கார் வழங்கவேண்டுமென்று 1922-இல் அச்சபை தீர்மானித்தது அவருடைய முயற்சியின் பயனாகும்.

தொடக்கத்தில் அவர் ஜஸ்டிஸ் கட்சியைச் சார்ந்திருந்தார். ஆனால் 1921-ஆம் ஆண்டு மில் வேலைநிறுத்தத்தின்போது தம் மக்களை அக்கட்சி நடத்திய விதம் அவர் மனத்தைப் புண்படுத்திற்று. 1923-இல் விலகினார். 1927-இல் இந்தியச் சட்டசபைக்குச் சென்றார். தம் சமூகத்திலிருந்து அங்கு அமர்ந்த முதல்வர் அவரே.

1932-ஆம் வருஷம் அவர் வாழ்வில் பெரும் சோதனை. டாக்டர் அம்பேத்கர் தனித் தொகுதி கோரினார். ராஜாவோ, டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கிய ஸ்தானங்களுடன் கூடிய கூட்டுத் தொகுதியே போதுமென்றார். சொந்த இனத்தாரில் பலர் அவரை வெறுத்தனர், தேசீயவாதிகள் கொண்டாடினர். காந்தியடிகளின் உண்ணாவிரதத்தின் முடிவில் ஏற்பட்ட புனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். மாகாணச் சட்டசபைகளில் 71 ஆக இருந்த ஸ்தானங்கள் 148 ஆயின.

1937-இல் காங்கிரஸ் பதவியேற்க மறுத்திருந்த சில மாதங்கள், இடைக்கால மந்திரி சபையில் அவர் மந்திரியாயிருந்தார். இதை நம்மவர் பலர் மன்னிக்கவில்லை. ஆயினும் 1938-இல், பொது வழி, பொதுக் கிணறு முதலியவற்றில் தீண்டாமையைத் தண்டிக்கும் அவரது மசோதா, காங்கிரஸ் சர்க்காரின் ஆதரவுடன் சட்டமாயிற்று. அதே வருஷம் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொணர்ந்தபோது நிலைமை வேறாயிற்று. ராஜாஜி, முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் செய்வோம், இம்மசோதாவை வாபஸ் பெறுக என்றார். ராஜா இணங்கவில்லை, வோட்டெடுப்பில் தோற்றார்.

காலம் பார்த்து நடப்பதே விவேகம் என்று ராஜாஜியின் பக்கம் நியாயம் கூறுவோருண்டு. மறு வருஷம் ஜூலை 8-இல் மதுரை வைத்தியநாதய்யர் மீனாட்சி கோயிலுள் ஆலயப் பிரவேசம் நடத்தியதும், அதைக் காக்க ராஜாஜியே சட்டமியற்றியதும் மெய். எனினும், கூட்டுத் தொகுதியை நம்பி வந்தவனுக்குக் கூட்டாக வழிபடும் உரிமையைக் கொடுப்பதற்கு நாள் பார்த்தல் முறையாகுமா? நம்பிக்கை தளர்ந்த ராஜா, 1942-இல் கிரிப்ஸ் தூதின்போது அம்பேத்கருடன் சேர்ந்து நின்றார்.

1943-இல் அவர் காலமானார். மாகாணமெங்கும் கோயில்களைத் திறந்துவிட்ட சட்டம் 1947-இல் வந்தது. கடன் தீர்ந்தது, பெறவேண்டியவர் இல்லை. சட்டசபைக்குச் செல்வோரும் அவர்களை அனுப்புவோரும் இதை உள்ளத்திற் கொள்க: கூடி வாழலாமென்று வருபவனைக் காத்திருக்கச் செய்யும் தேசம், அவனது நம்பிக்கையையே இழக்கும்.